மேலெல்லை இல்லாத வீடு

எஸ்கலின் கர்வாலோவின் முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, சிப்பித் தெருவில் குழாயடியில் குடங்கள் வரிசைகட்டி, பால்காரர் மணியடித்துப் போய், அந்தோணியார் சுரூபமிருக்கிற கெபிக்கு முன்னால் யாரோ ஏற்றிவைத்த மெழுகுவர்த்தி அணைவதா வேண்டாமா என்று ஆடிக்கொண்டிருந்த வேளையில், அவளுடைய வீடு ஒரு ஆள் உயரத்துக்குத் தரையை விட்டு எழும்பி நின்றது. ஓடு ஒன்றுகூடச் சரியவில்லை. சுவரில் கீறல் இல்லை. முன்வாசல் படிகள் மட்டும் வீட்டோடு போக மனமில்லாமல் தரையிலேயே தங்கிவிட, அடிமானத்துக் கற்கள் பிடுங்கிய பல்லின் வேர்போல வெயிலில் நனைந்துகொண்டு தொங்கின. அவற்றிலிருந்து பழைய மண் பொலபொலவென்று உதிர, பக்கத்து வீட்டுக் கோழிகள் இரண்டு அதற்குள் அங்கே வந்து புழு பொறுக்க ஆரம்பித்திருந்தன.

சன்னல்களைத் திறந்து காற்றாட விடுவதற்காகச் சாவிக்கொத்தோடு வந்த ரொசிற்றா மச்சாது அண்ணாந்து பார்த்தாள். பெண்கள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் அவள். வேலை போனபிறகும் கழுத்தில் விசில் போகவில்லை. கைமீறிப் போகிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி வீட்டைப் பார்த்து, "எங்க போற நீ?" என்று கேட்டாள். பதிலாக வீடு இன்னும் ஒரு விரற்கடை எழும்பியது. ரொசிற்றா அவசரப்படாமல் தன் வீட்டுக் கொல்லைக்குப் போய், துணி காயப்போடுகிற கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்து, ஒரு முனையைத் தொங்குகிற கல் ஒன்றிலும் மறு முனையைப் பூவரச மரத்திலும் இறுக்கிக் கட்டிவிட்டு, வக்கீல் குரூசுக்குப் போன் போட்டாள்.

"வீடு எழும்பிட்டு," என்றாள்.

"எவ்வளவு?" என்று கேட்டார் வக்கீல்.

அவர் அப்படித்தான் கேட்பார். எதற்கும் அதிர்ச்சி அடையாத மனிதர். உயிலைப் பிரித்து வாசித்த நாளில் அதிர்ச்சி அடைந்தவள் ரொசிற்றாதான். எஸ்கலினுக்கும் அவளுக்கும் நடுவில் ஓடியது ஒரு வாறுகால். அந்த வாறுகாலில் யார் வீட்டுத் தண்ணீர் போகவேண்டும், யார் அதைத் தூர்வார வேண்டும், யார் வீட்டு முருங்கை இலை அதை அடைத்தது என்று இருவரும் இளவயதிலிருந்தே சண்டை போட்டார்கள். கோயிலுக்குப் போகும்போது ஒருத்தி தெருவின் இந்தப் பக்கம் போனால் மற்றவள் அந்தப் பக்கம் போவாள். ஒருத்தி நற்கருணை வாங்கித் திரும்பிய பிறகுதான் மற்றவள் எழுந்திருப்பாள். அப்படிப்பட்ட எஸ்கலின், தன் உயிலை நிறைவேற்றும் பொறுப்பை உறவுக்காரர் யாருக்கும் கொடுக்காமல் ரொசிற்றா மச்சாதுக்கு எழுதி வைத்திருந்தாள்.

"ஏன் நான்?" என்று ரொசிற்றா அன்று கேட்டபோது வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நானும் அவங்ககிட்ட இதைத்தான் கேட்டேன் டீச்சர். நல்லவங்க யாரையாவது போடலாமேன்னு சொன்னேன். நல்லவங்க எல்லாம் கேட்டா கொடுத்துருவாங்க, ரொசிற்றா கொடுக்க மாட்டா, என்கிட்டயே கொடுக்காதவ வேற எவன்கிட்ட கொடுப்பான்னு சொன்னாங்க."

உயில் சின்னது. அசையும் சொத்தெல்லாம் எஸ்கலினின் அண்ணன் மகன் கிளாரன்சுக்கு. அசையாச் சொத்தான அந்த ஒரு வீடும் அது நிற்கும் மனையும் மருமகள் தெரேசுக்கு. எஸ்கலினின் ஒரே மகன் கப்பலுக்குப் போய்த் திரும்பாத பிறகு, தெரேஸ் மஸ்கட்டில் ஒரு குடும்பத்தில் பிள்ளை பார்க்கும் வேலைக்குப் போயிருந்தாள்; மாமியாரின் அடக்கத்துக்குக்கூட அவளை விடவில்லை, கிறிஸ்துமசுக்குத்தான் விடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை வீடு ரொசிற்றாவின் பொறுப்பு. வக்கீல் விரல்விட்டுச் சொன்னார். பூட்டி வைக்கவேண்டும், திறந்து பார்க்கவேண்டும், ஒழுகினால் அடைக்கவேண்டும், வரி கட்டவேண்டும், யாரும் உள்ளே புகுந்துவிடாமல் பார்க்கவேண்டும், அவளும் அதில் குடியிருக்கக் கூடாது, அதிலிருந்து தனக்கென்று ஒரு துரும்பையும் அனுபவிக்கக் கூடாது, தெரேஸ் வருகிற அன்று வீட்டைக் குறையில்லாமல் அவள் கையில் ஒப்படைக்க வேண்டும்.

வீடு எழும்பினால் என்ன செய்யவேண்டும் என்று அவர் சொல்லியிருக்கவில்லை.

அது ஏன் எழும்பியது என்று சிப்பித் தெருவில் யாரும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. கட்டில், பீரோ, சுவர்க் கடிகாரம், திரைச்சீலைக் கம்பிகள் என்று அசைகிற எல்லாவற்றையும் கிளாரன்ஸ் வண்டி வண்டியாக ஏற்றிக்கொண்டு போனதில் வீடு லேசாகிவிட்டது என்றார்கள் சிலர். எஸ்கலினின் பிடிவாதம்தான் அதைத் தரையோடு அழுத்தி வைத்திருந்தது, ஆள் போனதும் எழும்பிவிட்டது என்றார்கள் மற்றவர்கள். அதற்குமேல் யோசிக்க நேரமில்லை, ஏனென்றால் வீட்டுக்குக் கீழே நிழல் விழுந்திருந்தது. நிழல் தரும் மரமென்று சொல்ல ஒரு பூவரசு மட்டுமே இருந்த அந்தத் தெருவில், சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிற நாளில், ஒரு முழு வீட்டின் அளவுக்கு நிழல். முதலில் ஆடுகள் வந்தன, பிறகு ஆட்டோக்கள் வந்தன, பிறகு கருவாடு காயவைக்கிற பெண்கள் தங்கள் கூடைகளோடு வந்து வேர்வை துடைத்தார்கள், பிறகு ஒரு நிச்சயதார்த்தம் வந்தது, ஷாமியானா செலவு மிச்சம் என்று பெண்ணின் அப்பா சிரித்தார். தபால்காரர் படியேறிப் பழகிய காலால் வெறுமனே மூன்று படி ஏறி நின்று, ஒரு கம்பின் நுனியில் கடிதத்தைச் செருகி மேலே கதவிடுக்கில் தள்ளினார். மின்வாரியத்து ஆட்கள் வந்து, இது இழுவைக் கம்பியா தொங்கு கம்பியா என்று தங்களுக்குள் வாதாடி, கம்பியைச் சற்று நீட்டிவிட்டுப் போனார்கள். பங்குச் சாமியார், மண்ணுலகில் எழும்பும் எல்லாவற்றுக்கும் உரிய ஜெபம் என்று ஒன்றைத் தேடிக் கிடைக்காமல், புதுப் படகுக்குச் சொல்லும் ஜெபத்தையே சொல்லித் தீர்த்தம் தெளித்தார்; அண்ணாந்து தெளித்ததில் பாதி அவர் மேலேயே விழுந்தது.

எல்லோரும் வீட்டின் நிழலை எடுத்துக்கொண்டார்கள். வீட்டின் பாரத்தை ரொசிற்றா எடுத்துக்கொண்டாள். துணிக்கயிறு ஒரு வாரம்கூடத் தாங்காது என்று தெரிந்ததும், விசைப்படகுக்காரன் தொம்மையைக் கூப்பிட்டாள். அவன் படகுக்கு உபயோகிக்கிற கனத்த வடங்களைக் கொண்டுவந்து நான்கு மூலைக்கும் கட்டி, துருப்பிடித்த நங்கூரங்களை மனையின் நான்கு பக்கமும் குழிதோண்டிப் புதைத்தான். பிறகு ஒரு நூலேணி. ஒவ்வொரு காலையும் ரொசிற்றா சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த ஏணியில் ஏறி, சன்னல்களைத் திறந்து, பெருக்கி, ஒட்டடை அடித்து, ஒழுகுகிற ஓட்டை மாற்றி, வடங்களின் முடிச்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்குவாள். மழைக்கு முன்னால் வெள்ளையடிக்க ஆள் வைத்தபோது, அண்ணாந்து நின்றுகொண்டு வீட்டின் அடிப்பக்கத்துக்கும் சுண்ணாம்பு பூசச் சொன்னாள்.

"அதை யாரு டீச்சர் பார்க்கப் போறா?" என்று வெள்ளையடிக்கிறவன் கேட்டான்.

"ஊரே அடியிலதான உக்காந்திருக்கு. பூசு," என்றாள்.

முன்னறையில் தெருவைப் பார்த்த சன்னலுக்குக் கீழே சுவரோடு கட்டிய ஒரு திட்டு உண்டு. எஸ்கலின் உட்கார்ந்து ரொசிற்றாவை வைத ஆசனம் அதுதான். உட்கார்ந்து உட்கார்ந்து நடுவில் வழவழவென்று பள்ளமாகியிருந்தது. அவ்வளவு வருடத்தில் ஒருநாளும் அந்த வீட்டுக்குள் கால் வைக்காத ரொசிற்றாவுக்கு, பெருக்கி முடித்து முழங்கால் வலிக்கிற வேளையில், அதில் ஒரு நிமிடம் உட்கார்ந்தால் என்ன என்று தோன்றும். ஆனால் உட்கார மாட்டாள். நின்றபடியே, துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு, வெறும் திட்டைப் பார்த்து, "முருங்கை உன் வீட்டு முருங்கைதான் எஸ்கலின், இப்ப மேலே நின்னு பாக்குதேன், இலை எல்லாம் உன் பக்கத்திலிருந்துதான் விழுது," என்பாள். பதில் வராது. அந்த மௌனம் அவளுக்கு ஆத்திரமூட்டியது. இத்தனை காலம் சண்டை போட்டவள் இப்படி ஒரு வார்த்தை பேசாமல் ஜெயிப்பது என்ன நியாயம் என்று முணுமுணுத்துக்கொண்டு ஏணியில் இறங்குவாள். இறங்கிய பிறகுதான் கன்னம் ஈரமாயிருப்பது தெரியும், தூசி என்று துடைத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மஸ்கட்டிலிருந்து தெரேஸ் பேசுவாள். அவளும் ஒரு காலத்தில் ரொசிற்றாவிடம் மைதானத்தைச் சுற்றி ஓடியவள்தான்.

"டீச்சர், வீடு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்கு. கொஞ்சம் எழும்பியிருக்கு."

அந்தப் பக்கம் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. யாருடைய குழந்தையோ. "நான் வார வரைக்கும் இருக்குமா டீச்சர்?"

"இருக்கும்."

"எனக்கு வேற எடம் இல்ல டீச்சர்."

"அதான் இருக்கும்னு சொல்லுதேன்ல," என்று ரொசிற்றா அதட்டினாள். அவளுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அதட்டத்தான் தெரியும்.

கிளாரன்ஸ் வந்தது அதற்குப் பிறகு. அவன் துறைமுகத்தில் சரக்கு அனுப்புகிற தொழில் செய்பவன். எந்தப் பொருளைப் பார்த்தாலும் அது எங்கே போய்ச் சேர்ந்தால் லாபம் என்று யோசிக்கிற கண் அவனுக்கு. வெள்ளைச் சட்டையோடு நிழலில் நின்று, கடற்காற்றுக்கு வீடு மெல்ல அப்படியும் இப்படியும் அசைவதை ரொம்ப நேரம் ரசித்துப் பார்த்தான்.

"அசையுது பாத்தியளா டீச்சர்," என்றான்.

"காத்தடிச்சா அசையத்தான் செய்யும்."

"அசையுற சொத்து எல்லாம் எனக்குன்னுதான அத்தை எழுதி வச்சிருக்காவ."

ரொசிற்றாவுக்கு ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவள் கை தானாக விசிலுக்குப் போனது. கிளாரன்ஸ் எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தான். வீட்டை அவிழ்த்து இரண்டு இழுவைப் படகுகளில் கட்டி, கடற்கரையோரம் இழுத்துக்கொண்டு போய், அலைக்கு மேலே நிறுத்தி லாட்ஜ் ஆக்கிவிடலாம். உலகத்திலேயே எங்கும் இல்லாத லாட்ஜ். வெள்ளைக்காரன் வருவான், சினிமாக்காரன் வருவான். காலி மனையைத் தெரேஸ் வைத்துக்கொள்ளட்டும், அது அசையாது.

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம் டீச்சர்," என்று குரலைத் தாழ்த்தினான். "கச்சான் காத்து தொடங்கப் போகுது. மேக்க இருந்து அடிச்சா வீடு தானா உங்க வீட்டுப் பக்கம் சாயும். வாறுகாலைத் தாண்டி உங்க மொட்டை மாடிக்கு மேல வந்து நின்னுடுச்சுன்னா, அது எடம் பெயர்ந்துட்டுன்னு கோர்ட்டே சொல்லிரும். கயித்தை மட்டும் கொஞ்சம் தளர விடுங்க, எழும்பிச் சாஞ்சிரும். லாட்ஜ்ல பாதி உங்களுக்கு. கடலுக்குக் கொண்டு போறதுக்கு முன்னால உங்க மாடியில இருந்து நேரா அத்தை வீட்டு முன்னறைக்குள்ள நடந்து போகலாம். எத்தனை வருஷமா உங்கள உள்ளே விடாம வச்சிருந்தாவ அவிய."

ரொசிற்றாவுக்கு அந்தத் திட்டின் பள்ளம் கண்முன் வந்தது. அவன் எப்படியோ சரியான இடத்தில் கைவைத்துவிட்டான் என்பதுதான் அவளுக்கு அதிகக் கோபத்தை உண்டாக்கியது.

"உங்க அத்தை என்னை உள்ளே விடல. சரி. அது எனக்கும் அவளுக்கும். இப்ப சாவி என் கையில இருக்கு, நான் உள்ளே போறேன், பெருக்குறேன், வெளிய வாரேன். நீ உள்ளே போக ஒரு வழியும் இல்ல. நிழல்ல நிக்கணும்னா நில்லு. ஆடும் நிக்குது."

கிளாரன்ஸ் வழக்குப் போட்டான். சிப்பித் தெரு அதையும் நிழலைப் போலவே உள்வாங்கிக்கொண்டது. மீன் வாங்குகிற இடத்தில், பால் வாங்குகிற இடத்தில், பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற வரிசையில், அசைவது என்றால் என்ன, அசையாதது என்றால் என்ன என்று வாதம் நடந்தது. நங்கூரம் போட்ட படகு அசைகிறதா இல்லையா? தேர் வருடத்துக்கு ஒருநாள்தான் ஓடுகிறது, மற்ற நாளெல்லாம் அது எந்தச் சொத்து? பூமியே சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்களே, அப்படிப் பார்த்தால் கிளாரன்சுக்குத்தானே எல்லாமே என்று கருவாட்டுக்காரி ஒருத்தி கேட்டாள். கோர்ட் பதில் சொல்ல அவசரப்படாமல், நேரில் போய்ப் பார்த்து வரும்படி ஒரு கமிஷனரை அனுப்பியது.

"வீடு தன் எடத்துல இருக்கா இல்லையான்னு பாக்கத்தான் வராங்க," என்றார் வக்கீல் குரூஸ். "நம்ம கையில பத்திரம் இருக்கு டீச்சர். கிழக்கே வாறுகால், மேற்கே சரக்குக் கிட்டங்கிச் சுவர், வடக்கே தெரு, தெற்கே கெபிக்குப் போற சந்து. நாலெல்லை."

ரொசிற்றா கொஞ்சம் யோசித்தாள். "மேல எல்லை என்ன போட்டிருக்கு?"

வக்கீல் பத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவர் முகத்தில் அதிர்ச்சி போல ஒன்று வந்தது. "மேலெல்லை போடல டீச்சர்."

"அப்ப அது எவ்வளவு எழும்பினாலும் பரவாயில்ல. பக்கவாட்டுல போகக்கூடாது. அவ்வளவுதான?"

"அவ்வளவுதான்," என்றார் வக்கீல், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

கமிஷனர் வருவதாகச் சொன்ன நாள் ஆடி மாதத்தின் நடுவில் வந்தது. கச்சான் தலைவிரித்தாடுகிற மாதம். அன்று காலையிலிருந்தே மேற்கிலிருந்து மண்ணையும் உப்பளத்து வெள்ளைப் பொடியையும் வாரிக்கொண்டு காற்று தெருவுக்குள் புகுந்தது, காயப்போட்ட துணிகளைப் பறித்தது, கெபிக்கு மேலிருந்த தகரத்தைப் பேர்த்தது, கோழிகளைப் பந்துபோல உருட்டியது, எஸ்கலின் வீட்டைப் பாய் விரித்த தோணிபோல உப்பவைத்துக் கிழக்கே தள்ளியது. வடங்கள் முறுக்கேறி முனகின. கமிஷனர் அம்மா, முப்பது வயதிருக்கும், கறுப்புக் கோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஆட்டோவை விட்டு இறங்கியபோது, கிளாரன்ஸ் முந்திக்கொண்டு வந்து குடை பிடித்தான். குடை அவன் கையைவிட்டுப் பறந்து போனது.

அப்போது மேற்குப் பக்கத்து வடங்களில் ஒன்று அறுந்தது.

துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். அறுந்த முனை சாட்டைபோல வந்து கிட்டங்கிச் சுவரில் காரையைப் பெயர்த்தது. வீடு ஒரு பெருமூச்சோடு கிழக்கே திரும்பி, மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், வாறுகாலை நோக்கி நகர ஆரம்பித்தது. மிச்சமிருந்த மேற்கு வடத்தின் நங்கூரம் மண்ணை உழுதுகொண்டு மேலே வந்தது. "எழுதிக்கோங்க மேடம், எடம் பெயருது, எழுதிக்கோங்க!" என்று கிளாரன்ஸ் கத்தினான்.

ரொசிற்றா அந்த நங்கூரத்து வடத்தின் மேல் பாய்ந்து விழுந்தாள். வடம் அவளையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போயிற்று. குதிகால் இரண்டையும் மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து, ஒரு கையால் விசிலை எடுத்து வாயில் வைத்து, பள்ளிக்கூட மைதானத்தில் எப்படி ஊதுவாளோ அப்படி ஊதினாள்.

அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் அதற்கடுத்த தெருவிலும் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, உடம்பு தளர்ந்து, அடுப்படியிலும் தையல் மிஷினிலும் மீன் வெட்டுகிற அருவாமணையிலும் இருந்த பெண்கள் அத்தனை பேரும் அந்த விசில் கேட்டால் எழுந்து ஓடிப் பழகியவர்கள். யோசிப்பதற்கு முன்னால் அவர்கள் கால்கள் ஓடின. கையில் மாவோடு வந்தார்கள், மீன் செதிலோடு வந்தார்கள், ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வந்து பிள்ளையைக் கமிஷனரிடம் கொடுத்துவிட்டு வடத்தைப் பிடித்தாள். பயலுவ விளையாட்டு என்று சொல்லப்பட்ட கயிறு இழுக்கும் போட்டியை, ரொசிற்றா டீச்சர் வந்த வருடம் முதல் பெண் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தாள். அதற்காகத் தலைமைக் கன்னியாஸ்திரீயிடம் வாங்கிய திட்டையும் அவர்கள் மறக்கவில்லை. இடம் வலமாக மாறி மாறி நின்று, வடத்தைக் கக்கத்தில் இடுக்கி, குதிகாலை ஊன்றினார்கள்.

"கையால இழுக்காதீங்கட்டி! உடம்பால சாயுங்க!" என்று ரொசிற்றா கூவினாள். "மூச்சு விடாதே! ஏலா ஜெனோபா, தலையைத் தூக்காதே! சாயி... சாயி... நிறுத்து! பிடி!"

ஒவ்வொரு விசிலுக்கும் வீடு ஒரு சாண் திரும்பி வந்தது. ஒவ்வொரு காற்றுக்கும் அரைச் சாண் போனது. முகமெல்லாம் மண்ணாகி, சேலையெல்லாம் கிழிந்து, உள்ளங்கை வடத்தில் வெந்துபோக, அவர்கள் மேற்கு நோக்கிச் சாய்ந்து கிடந்தார்கள். வானத்தையே இழுப்பவர்கள் போல இருந்தது பார்ப்பதற்கு. தொம்மையும் ஆட்டோக்காரர்களும் வாய்பிளந்து பார்த்துவிட்டு, பிறகு வெட்கப்பட்டு, வடத்தின் வாலில் வந்து சேர்ந்துகொண்டார்கள். வீட்டுக்குள்ளிருந்து சன்னல்கள் படபடவென்று அடித்துக்கொள்கிற சத்தம் வந்தது. ரொசிற்றாவின் காதுக்கு அது எஸ்கலின் யாரையோ வைகிற மாதிரியே கேட்டது. யாரை என்று மட்டும் தெரியவில்லை. "சும்மா கத்தாதே, நீயும் இழு!" என்று பதிலுக்குக் கத்தினாள்.

கமிஷனர் அம்மா பிள்ளையைக் கிளாரன்சின் கையில் திணித்துவிட்டு, தன் பையிலிருந்து கொத்தனார் தூக்குக்குண்டு ஒன்றை எடுத்தாள். வீட்டின் ஒவ்வொரு மூலைக்குக் கீழும் ஓடி, நூலைப் பிடித்துக் குண்டைத் தொங்கவிட்டாள். மூன்று மூலைகள் மனைக்குள்ளே. நாலாவது, வாறுகால் பக்கத்து மூலை. குண்டு காற்றில் ஆடிற்று, வாறுகாலுக்கு அந்தப் பக்கம் போயிற்று, இந்தப் பக்கம் வந்தது. ரொசிற்றா விசிலை வாயிலிருந்து துப்பிவிட்டு வெறும் தொண்டையால் ஒரு சத்தம் போட்டாள். பெண்கள் எல்லோரும் ஒரே உடம்பாகச் சாய்ந்தார்கள். குண்டு வந்து எஸ்கலின் மனையின் மண்ணைத் தொட்டு நின்றது.

"உள்ளே," என்றாள் கமிஷனர்.

"அதெப்படி மேடம்!" கிளாரன்ஸ் இடுப்பிலிருந்த பிள்ளை வீறிட்டு அழ அழக் கத்தினான். "இவளுவ இழுத்துப் பிடிக்கப் போயித்தான உள்ளே இருக்கு! இழுத்தா வருதுன்னா அது அசையும் சொத்து இல்லாம என்ன?"

ரொசிற்றாவால் திரும்பிப் பார்க்க முடியாது. திரும்பினால் பிடி போய்விடும். வானத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மழைக்குச் சுவர் சாஞ்சா முட்டுக் கொடுக்கோம். அதனால சுவர் அசையும் சொத்தாயிருமா? கடல் ஏறி வந்தா கல்லைப் போட்டு அணை கட்டுதோம். அதனால கரை அசையும் சொத்தாயிருமா? விழப்போறதுக்கு முட்டுக் கொடுப்பாவ, எழும்புறதுக்கு இழுத்துப் பிடிப்பாவ. வீட்டைப் பாத்துக்கிடுறதுன்னா அதான். இது தெரேஸ் வீடு. தெரேஸ் வந்து போன்னு சொல்லுத வரைக்கும் இது ஒரு எடத்துக்கும் போகாது. எழுதுங்க."

கமிஷனர் அம்மா அவளையும் அவளுக்குப் பின்னால் சாய்ந்து கிடந்த பெண்களையும் பார்த்தாள். காகிதம் பறக்காமலிருக்க அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுதினாள்: வீடு தன் நான்கு எல்லைக்குள் இருக்கிறது, பொறுப்பாளர் அதைப் பராமரித்துக்கொண்டிருக்கிறார். பிறகு பேனாவை மூடி, கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆட்டோவில் போட்டுவிட்டு, வடத்தில் ஒரு கைப்பிடி இடம் கேட்டு வந்து நின்றாள். காற்று அடங்கச் சாயங்காலம் ஆனது. அதுவரை யாரும் விடவில்லை.

கோர்ட் அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கிளாரன்சின் வழக்கைத் தள்ளியது. வாடைக்காற்று வந்தது, மழை வந்தது, வாசல்களில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. ரொசிற்றா வடங்களை மாற்றினாள், ஓடுகளை மாற்றினாள், அந்தத் திட்டில் உட்காராமலே இருந்தாள்.

கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்னால், சக்கரம் உடைந்த பெட்டி ஒன்றை இழுத்துக்கொண்டு தெரேஸ் வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள். தெருவே கூடி நின்றபோதும் யாரையும் பார்க்காமல், வெள்ளையடித்த அடிவயிற்றோடு காலை வெயிலில் மிதந்துகொண்டிருந்த வீட்டையே பார்த்தாள். ரொசிற்றா சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து, விரல்களை மடக்கி மூடினாள்.

"எண்ணிப் பாத்துக்கோ. சன்னல் எல்லாம் சரியா இருக்கு. பின்கட்டுல ஒரு ஓடு வேற நிறம், பழசு கிடைக்கல. இறக்கணும்னா சொல்லு, தொம்மையைக் கூப்பிட்டு வடத்தை இழுத்துக் கட்டிப் பாக்கலாம். உன் இஷ்டம். இனி நான் சொல்லக்கூடாது."

தெரேஸ் நூலேணியில் ஏறினாள். உள்ளே அவள் ஒவ்வொரு அறையாக நடக்கிற சத்தம் கேட்டது. பிறகு தெருப்பக்கத்துச் சன்னல் திறந்தது. இத்தனை வருடம் அடுத்தவர் வீட்டுக் கதவை யார் எந்த நேரம் தட்டினாலும் எழுந்து திறந்த பெண், தன் வீட்டுச் சன்னல் கட்டையில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு கீழே பார்த்தாள்.

"டீச்சர், இங்கயிருந்து கடல் தெரியல. உங்க மாடி மறைக்குது."

"என் மாடியை இடிக்க முடியாது," என்றாள் ரொசிற்றா உடனே.

"இடிக்க வேண்டாம். வடத்தை இன்னும் கொஞ்சம் விடுங்க."

ரொசிற்றா தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள்; ஆடி மாதத்து வடம் போட்ட தழும்பு இன்னும் சிவந்திருந்தது. சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, தொம்மைக்கும் ஜெனோபாவுக்கும் மற்றவர்களுக்கும் கைகாட்டி நாலு மூலைக்கும் அனுப்பி, முதல் முடிச்சைத் தானே அவிழ்த்தாள். விசில் ஒருமுறை ஊதியதும் நான்கு வடங்களும் ஒரே அளவில் நழுவின. வீடு பூவரச மரத்தைத் தாண்டியது, கிட்டங்கிக் கூரையைத் தாண்டியது, ரொசிற்றாவின் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டியது, நிழல் தெரு முழுக்க அகலமாய் விரிந்தது, ஆடுகள் எழுந்து அதன் பின்னாலேயே நகர்ந்தன.

விஷயம் கேள்விப்பட்டு ஓடிவந்த கிளாரன்ஸ் மூச்சிரைக்க நின்று, "தெரேஸ்! ஏ தெரேஸ்! கொஞ்சம் இறங்கி வா, பேசணும்!" என்று கூப்பிட்டான்.

தெரேஸ் நூலேணியைக் கை மாற்றிக் கை மாற்றி மேலே இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் படியும் உள்ளே போனதும் கடலைப் பார்த்த சன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கே போய் நின்றுகொண்டாள். கிளாரன்ஸ் இன்னும் கூப்பிட்டான். ரொசிற்றா கையில் மிச்சமிருந்த வடத்தை இன்னும் ஒரு முழம் விட்டாள்.